காது வில்லையைக் கழற்றலாமா? கால்நடை வளர்ப்போர் கேள்விகளுக்குப் பதில்

அரசுக் கால்நடை மருந்தகங்களில் உதவி மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது இரண்டு கறவை மாடுகளும் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. அதனால் மனு கொடுப்பவர்களின் வரிசையிலும் நின்று பழகியிருக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன்.

மாட்டின் காதில் மஞ்சள் வில்லை போட்ட இடத்தில் புண் வந்து புழு வைத்துவிட்டது. கழற்றி எறியலாமா? அது இருந்து என்ன பயன்? (மணப்பாறை)

புண்ணுக்கு வைத்தியம் பாருங்கள், அம்மா, வில்லையைத் தொடாதீர்கள். புழுவை எடுத்து, மருந்து போட்டு, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டால் ஆறிவிடும். ஆறாவிட்டால் மருந்தகத்தில் காட்டி, அவர்களே மாற்றிப் போடட்டும்.

அதிலுள்ள 12 இலக்க எண்தான் உங்கள் மாட்டின் அடையாளம். தடுப்பூசி, சினை ஊசி, உரிமையாளர் பெயர் எல்லாம் அந்த எண்ணில்தான் கணினியில் ஏறுகின்றன. காப்பீடு செய்த மாடு இறந்தால் நிறுவனம் முதலில் கேட்பது வில்லையைத்தான். அது இல்லாமல் எந்த மாடு செத்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? சந்தையில் மாடு வாங்குபவர்களும் அந்த எண்ணை உடனே தங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை.

கோமாரி ஊசி போட்டால் பால் குறைகிறது. எங்கள் தெருவில் பாதிப்பேர் மாட்டை ஓட்டிப்போய் மறைத்துவிடுகிறோம். கட்டாயமா? (திருவண்ணாமலை மாவட்டம்)

பால் குறைவது உண்மை. இரண்டு மூன்று நாள். நோய் வந்தால் குறைகிற பால் அந்த ஈத்து முழுவதும் திரும்பாது. வாயில் கொப்புளம், குளம்பில் புண், மடியில் புண். பிழைத்த மாடும் வெயிலில் மூச்சிரைத்து நிற்கும், சினை பிடிக்க மறுக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் ஒரே ஒரு வீட்டார் இப்படித்தான் மாடுகளைத் தோப்புக்குள் ஓட்டிவிட்டார்கள். அந்த மார்கழியில் நோய் நுழைந்தது அந்த வீட்டில்தான். பெரிய மாடுகள் தேறின. பால்குடிக் கன்றுகள் இரண்டும் ஒரே இரவில் போயின. கன்றுகளுக்கு அது இதயத்தைத் தாக்கும்.

2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுகிறார்கள். நான்கு மாதத்துக்கு மேற்பட்ட கன்றுக்குப் போடலாம். முதன்முறை என்றால் ஒரு மாதம் கழித்து இன்னொன்று. காய்ச்சலாக இருக்கும் மாடு, நிறைசினை மாடு என்றால் வருபவரிடம் சொல்லுங்கள், தள்ளிப் போடுவார்கள். மறைக்காதீர்கள்.

சினையைக் கலைக்கும் கன்று வீச்சு நோய்க்கான ஊசியையும் அதே போலக் காளைக் கன்றுக்குப் போடலாமா? (பெயர், ஊர் குறிப்பிடவில்லை)

கூடாது. கிடேரிக் கன்றுக்கு மட்டும், 4 முதல் 8 மாத வயதுக்குள், வாழ்நாளில் ஒரே முறை. உயிருள்ள கிருமியால் ஆன ஊசி என்பதால் சினை மாட்டுக்கும் ஆகாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சலாக மாதக்கணக்கில் ஆளை உருக்கும்.

பட்டியில் நேற்றுவரை மேய்ந்த ஆடு காலையில் செத்துக் கிடந்தது. மூக்கிலும் ஆசனவாயிலும் கருத்த இரத்தம். கறியை வீணாக்க வேண்டாம் என்று பக்கத்து ஆட்கள் கூறுபோடச் சொல்கிறார்கள். நான் மறுத்துவிட்டேன். சரியா? (தருமபுரி)

நீங்கள் செய்தது மிகச் சரி, தம்பி. இந்தக் கேள்விக்காகவே நான் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயைச் சந்தேகிக்க வைக்கின்றன. திடீர்ச் சாவு, உறையாத கருத்த இரத்தம், சீக்கிரம் உப்பும் வயிறு. உடலை அறுத்தால் உள்ளிருக்கும் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். உங்கள் பேரன் மேய்க்கும் ஆட்டை அது கொல்லலாம். அறுத்தவன் கையில் சிறு கீறல் இருந்தாலும் போதும், வலியில்லாத கரும்புண் வரும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த ஆட்டைத் தொட்டவர் யாருக்காவது புண்ணோ காய்ச்சலோ வந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், செத்த ஆட்டைத் தொட்டதை முதலிலேயே சொல்லட்டும்.

மருத்துவர் வந்து காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். பிரேதப் பரிசோதனை செய்ய மாட்டார். அவர் வரும்வரை நாய், காகம் அண்டவிடாதீர்கள். பிறகு தண்ணீர் ஓடாத மேட்டு நிலத்தில் ஆறடிக்குக் குறையாமல் குழி தோண்டி, சுட்ட சுண்ணாம்பு கொட்டி, இரத்தம் சிந்திய மண்ணையும் சேர்த்துப் புதையுங்கள். தோலை உரிக்கக் கூடாது.

தெரிவிப்பது உங்கள் விருப்பம் அல்ல, கடமை. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தாலே உரிமையாளர் கிராம நிர்வாக அலுவலருக்கோ ஊராட்சிக்கோ சொல்லியாக வேண்டும். சொன்னால் பட்டி முழுவதையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்ற பயம் ஊரில் இருக்கிறது. அப்படி இல்லை. மீதி ஆடுகளைத் தனியே வைக்கச் சொல்வார்கள். சுற்றுவட்டாரத்தில் ஊசி போடுவார்கள். அந்த மருந்தை இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் நம் மாநில நிலையமே தயாரிக்கிறது.

சந்தையில் இரண்டு பசு வாங்கிச் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றி வந்தேன். வழியில் நிறுத்தி வழக்கு என்றார்கள். இரண்டு மாடுதானே? (பொள்ளாச்சி)

எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், இடத்தையும் பாருங்கள். 1978ஆம் ஆண்டு விதிப்படி ஒரு சரக்கு வாகனத்தில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது. அதோடு 2015இல் மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம், ஒரு பசுவுக்கு 2 சதுர மீட்டர் இடமும் தனித் தடுப்பும் கேட்கிறது. ஏழடிக்கு நாலரையடி என்றால் உங்கள் வண்டியின் தளம் 3 சதுர மீட்டர்கூட வராது. கணக்குப்படி ஒரு மாடுதான். பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லை என்ற கால்நடை மருத்துவர் சான்றும் கையில் இருக்க வேண்டும். சந்தைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

இந்த விதியை எழுதியவர்கள் நம் சந்தைப்பக்கம் ஒருமுறை வந்திருக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து. தடுப்பு வைத்த வண்டி எத்தனை ஊரில் வாடகைக்குக் கிடைக்கிறது?

மாட்டுக்கு வலி ஊசி மருந்துக் கடையில் வாங்கி நானே போடுகிறேன். தவறா? (ஈரோடு மாவட்டம்)

என்ன ஊசி என்று சொல்லவில்லையே. டைக்ளோஃபெனாக் என்றால் கால்நடைக்கு அது 2006லேயே தடை செய்யப்பட்டது. அந்த மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகும். மனிதருக்கான பெரிய புட்டியை மாட்டுக்குத் திருப்பிவிடுவதைத் தடுக்க 2015இல் அதை 3 மில்லி அளவுக்குள் சுருக்கினார்கள். கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபெனாக் இரண்டும் 2023இல் தடையாயின. மெலாக்சிகாம் இருக்கிறது, கேளுங்கள். மோயாறு, சத்தியமங்கலம் காடுகளில் மிஞ்சியிருக்கும் பாறுகள் உங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

நிலமில்லாதவனுக்கு உழவர் கடன் அட்டை கிடையாது என்று வங்கியில் சொல்கிறார்கள். (விழுப்புரம்)

தவறான பதில். 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் அது உண்டு. வாடகைக் கொட்டகையானாலும் போதும். வட்டி 7 சதவீதம், தவணை தவறாவிட்டால் 3 சதவீதம் திரும்பும். வாய்மொழியாக மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். வங்கித் தரப்பும் அங்கே பதில் சொல்ல வரும்.

என் வயல் நெல் முழுக்க அழுகிவிட்டது, காப்பீடு வரவில்லை. பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறது. (நாகப்பட்டினம்)

எனக்கும் ஒருமுறை இதே கதை. நெல்லுக்குப் பொதுவாக உங்கள் வயலைத் தனியாக அளப்பதில்லை. வருவாய்க் கிராமம்தான் அலகு. கிராமத்தில் சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை நடத்தி, கடந்த ஏழாண்டில் நல்ல ஐந்தாண்டுச் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். கிராமத்து விளைச்சல் அதற்குக் குறையாவிட்டால் தனியாள் நட்டம் பொதுவாகக் கணக்கில் வராது. ஆகவே பரிசோதனை நடக்கும் நாளைக் கேட்டறிந்து நாலு பேர் போய் நில்லுங்கள்.

பக்கத்து வீட்டு ஆடுகள் தினமும் உளுந்தைத் தின்கின்றன. கேட்டால் சண்டை. சட்டம் உண்டா? (புதுக்கோட்டை)

உண்டு, 1871ஆம் ஆண்டுச் சட்டம். பயிரை மேயும் ஆட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் ஊர் பவுண்டில், அதாவது பிடிபட்ட கால்நடையை அடைத்துவைக்கும் பட்டியில், ஒப்படைக்கலாம். அதற்குமுன் உங்கள் ஊரில் பவுண்டு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்கள் ஊரில் அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது.