பாய்ஸிக்கு வரும் தம்பிக்கு: பாஸ்க் தெருவைப் பற்றி

"அண்ணா, வேலைக்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து பாய்ஸி வருகிறேன். அங்கே ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பக்கத்திலிருந்து வந்த பாஸ்க்காரர்களுக்கு ஒரு தெருவே இருக்காமே? இத்தனை தலைமுறை ஆகியும் நடனத்தையும் சமையலையும் எப்படி விடாமல் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள்.

பாட்டி சொல்லிக்கொடுத்தது அப்படியே வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன் தம்பி. பாதிதான் உண்மை.

முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் பாஸ்க் நாட்டின் பிஸ்காயா பக்கத்துப் பையன்கள். ஐடஹோ மலைகளில் மாதக்கணக்கில் தனியாக ஆடு மேய்த்தார்கள். ஊருக்குள் இறங்கினால் தங்குவதற்கு பாஸ்க் விடுதிகள் இருந்தன. நம் திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரிதான். என்ன, இங்கே வீட்டம்மாவே சமைத்துப் போடுவார். ஊர்ச் சாப்பாடு பிழைத்தது அந்த அடுப்படிகளில்தான். குரோவ் தெருவில் உள்ள உபெருவாகா வீடு அப்படி ஒரு விடுதி, இப்போது அருங்காட்சியகத்தோடு சேர்ந்தது. அதே தெருவில் 1914இல் கட்டிய கூடத்தில் இன்றும் பெலோட்டா என்ற பாஸ்க் பந்து விளையாட்டில் பந்து சுவரில் அறைகிற சத்தம் கேட்கும்.

நடன ஆட்டத்தின் கதை வேறு. 1960இல் இங்கத்துப் பிள்ளைகள் சிலர் பாஸ்க் நாட்டுக்கே போனார்கள். சான் செபாஸ்தியானில் ஓயின்காரி என்ற குழுவிடம் ஆடப் பழகி, அந்தப் பெயரையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்த ஓயின்காரி குழு இன்றும் ஆடுகிறது. அவர்களுக்குப் பல்லாண்டு அக்கார்டியன் வாசித்த ஜிம் ஜௌசோரோவுக்கு 1985இல் தேசிய பாரம்பரியக் கலை விருதே கிடைத்தது.

சிஸ்டு வாசிப்பதை மட்டும் கிட்டே நின்று பாருங்கள். மூன்றே துளையுள்ள குழல். இடது கை விரல்கள் குழலில். அதே கையில் தொங்கும் சின்ன மேளத்தை வலது கை குச்சியால் தட்டும். நாதஸ்வரம், தவில் இரண்டையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்கிற கணக்கு!

மொழிதான் நழுவிவிட்டது. அழகாக ஆடுகிற பலருக்கு பாஸ்க் மொழியான எவுஸ்கராவில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. 1998இல் தொடங்கிய மழலையர் பள்ளியில் சின்னஞ்சிறுசுகளுக்கு அந்த மொழியிலேயே பேசிப் பழக்குகிறார்கள். எனக்கு ஆட்டத்தைவிட இதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது.

1987இல் தொடங்கிய ஹையால்டி என்ற பாஸ்க் திருவிழா ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. கொரோனாவால் 2020இல் நின்றுபோய், 2025இல்தான் மறுபடி நடந்தது. அதற்காகக் காத்திருக்காதீர்கள், வந்த வாரமே தெருவுக்குப் போய்விட்டு வாருங்கள்.

சைவமா நீங்கள்? அப்படியானால் குரோக்கெட்டா என்ற பாஸ்க் பலகாரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளியே மொறுமொறுவென்று நம்மூர் கட்லெட் மாதிரியே இருக்கும். உள்ளே பாலும் மாவும் கிளறிய கூழில் கோழியோ பன்றியோ கிடக்கும். முதல் நாள் நான் கேட்காமல் கடித்துவிட்டேன்.