கத்தோலிக்கக் கல்லூரியின் பவள விழா மலரை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வட ஆற்காட்டுப் பக்கம் எங்கள் கத்தோலிக்கக் கல்லூரிக்கு 75 ஆண்டு நிறையப்போகிறது. மலர்க் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். எட்டு மாதம் இருக்கிறது. முதலில் எதைச் செய்வது?

பதில்:

வாழ்த்துச் செய்திக்கும் விளம்பரத்துக்கும் ஆள் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துத் தேதிகளை எழுதுங்கள். நூற்றாண்டு மலர் போடப்போகிறவர்கள் உங்கள் மலரைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். இதில் விழுகிற பிழை அதிலும் விழும்.

முதல் குழப்பம் 75-ஆம் ஆண்டா, 75 ஆண்டு நிறைவா என்பது. 1951-இல் சலேசிய சபையினர் (கத்தோலிக்கத் துறவியர்) தொடங்கிய திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரிக்கு 75-ஆம் ஆண்டு 2025-இல் பிறந்து 2026-இல் நிறைகிறது. 1954-இல் சலேசிய அருட்சகோதரிகள் தொடங்கிய வேலூர் ஆக்சீலியம் கல்லூரிக்கு அதே கணக்கில் 2028, 2029. அழைப்பிதழில் ஒன்றும் வளைவில் இன்னொன்றும் அச்சாவது இங்கேதான். விழாவின் பெயரையும் ஒன்றாக முடிவுசெய்யுங்கள். 60-க்கு வைர விழா, 75-க்குப் பவள விழா என்பது நம் வழக்கு.

அடுத்தது, தொடக்கம் என்று எந்த நாளைச் சொல்கிறீர்கள்? பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்துக்கு ஒரு தேதி, அடிக்கல்லுக்கு ஒரு தேதி, முதல் வகுப்பு நடந்ததற்கு இன்னொரு தேதி இருக்கும். எதை எடுத்தாலும் சரி, எதை எடுத்தோம் என்று முதல் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் நல்ல எடுத்துக்காட்டு. திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் அதற்கு ஆணை கொடுத்தது 1425 டிசம்பர் 9. 1797-இல் பிரெஞ்சு ஆட்சியில் அது மூடப்பட்டது. 1834-இல் ஆயர்கள் மெக்கலன் நகரில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை மறுபடி தொடங்கி, அடுத்த ஆண்டு லூவனுக்குக் கொண்டுவந்தார்கள். 1968-இல் மொழிச் சிக்கலில் இரண்டாகப் பிரிந்தது. ஆனாலும் டச்சு மொழிப் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு மொழிப் பல்கலைக்கழகமும் 1425-இலிருந்தே எண்ணி, 2025-இல் 600-ஆம் ஆண்டைக் கொண்டாடின. இடையில் அறுந்துபோனதை மறைக்காமல் சொல்லிவிட்டு எண்ணினால் யாரும் குறை சொல்ல முடியாது.

நம் மாவட்டத்துக்கென்றே தவறிவிழும் இடங்கள் சில உண்டு. வேலூர் மறைமாவட்டம் உருவானது 1952 நவம்பர் 13. ஆகவே 1951-இல் திருப்பத்தூரில் தொடங்கிய கல்லூரியை ‘வேலூர் மறைமாவட்டத்தில் தொடங்கப்பட்டது’ என்று எழுதினால் தவறு. அன்றைக்கு இந்தப் பகுதி சென்னை உயர்மறைமாவட்டத்தில் இருந்தது. மாவட்டப் பெயரும் அப்படித்தான். வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது, பிறகு வேலூர் என்றானது, 2019-இல் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனி மாவட்டங்களாயின. பழைய நிகழ்ச்சிக்கு அந்தக் காலத்துப் பெயரையே போட்டு, அடைப்புக்குறியில் இன்றைய பெயரைச் சேருங்கள். பட்டம் எங்கே பெற்றார்கள் என்று எழுதும்போதும் கவனம் தேவை. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததே 2002-இல்தான். அதற்கு முன் படித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். இன்னொன்று, தன்னாட்சிக் கல்லூரியை ‘பல்கலைக்கழகம்’ என்று பெருமைக்காக எழுத வேண்டாம்.

இதற்கெல்லாம் சான்று எங்கே கிடைக்கும்? துறவியர் இல்லத்தில் நாள்வாரியாக எழுதிவைக்கும் குறிப்பேடு, அதாவது குரோனிக்கிள், இருக்கும். இல்லத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, அவர்கள் முன்னிலையிலேயே பாருங்கள். அதன் பிறகு அலுவலகத்துச் சேர்க்கைப் பதிவேடு, பழைய ஆண்டு மலர்கள். வெளிநாட்டுக் குருக்களின் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஒரே எழுத்துமுறையை முடிவுசெய்து, பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரித்துப் பிழை திருத்துபவர் கையில் கொடுத்துவிடுங்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். பழைய சான்றிதழை லேமினேட் செய்யவே கூடாது, திரும்பப் பிரிக்க முடியாது.

புகைப்படத்துக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஸ்கேன் கணக்கு எளிது: எத்தனை மடங்கு பெரிதாக்கப்போகிறீர்களோ அதை 300-ஆல் பெருக்குங்கள். இரண்டங்குல அகலப் படம் எட்டங்குலமாக வேண்டுமென்றால் நான்கு மடங்கு, ஆகவே 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி). முன்னாள் மாணவர்கள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துக் கண்ணாடியோடேயே படமெடுங்கள். குழுப்படத்தில் பெயர்கள் பார்ப்பவரின் இடப்பக்கமிருந்து, அமர்ந்திருக்கும் வரிசை முதலில். பணியாளர்கள், விடுதிச் சமையலர், தோட்டக்காரர் பெயர்களையும் தேடிப் போடுங்கள். பல மலர்களில் அவர்கள் ‘மற்றும் பலர்’ ஆகிவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

எழுத்துருவில்தான் கடைசி வாரம் பாழாகும். கட்டுரைகள் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களிலும் யூனிகோடிலும் கலந்து வரும். எல்லாவற்றையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஸ்ரீ, க்ஷ வருகிற இடங்களைக் கண்ணால் பாருங்கள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட்ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘வேலூர்’ என்பதில் இரட்டைக்கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஊர்ப் பெயரே உடைந்து அச்சாகும்.

பக்க எண்ணிக்கை 16-இன் மடங்கில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் பக்கங்கள்) குறையாகி வெள்ளைத்தாளுக்கும் காசு கொடுப்பீர்கள். கட்டுரைகளுக்கு 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள், படங்களுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் போர்டு போதும். ஆர்ட் பேப்பருக்கு வெறும் பசை பைண்டிங் வேண்டாம். பூச்சுள்ள தாளில் பசை ஆழமாக இறங்காது, இரண்டு முறை விரித்தாலே பக்கம் கழன்றுவிடும். செக்‌ஷன் தையல் (தாள்களை மடித்து நூலால் தைப்பது) கேளுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை. சிவகாசியில் அடிப்பதானால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை காலண்டர், டைரி நெருக்கடி. அதற்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள். வெளியீட்டுக்கு ஆறு வாரம் முன்பே பக்கங்களைப் பூட்டிவிடுங்கள். அதன் பிறகு வரும் வாழ்த்துச் செய்தி யாருடையதாக இருந்தாலும் தனித்தாளில் செருகினால் போதும்.

லூவன் நூலகம் 1914 ஆகஸ்டில் எரிந்தபோது சுமார் மூன்று லட்சம் நூல்கள் சாம்பலாயின. மீண்டும் கட்டியது 1940-இல் மறுபடி எரிந்தது. உங்கள் ஸ்கேன் கோப்புகளை மூன்று பிரதி எடுத்து, ஒன்றையாவது கல்லூரி வளாகத்துக்கு வெளியே, ஆயர் இல்லத்திலோ சபையின் மாகாண இல்லத்திலோ கொடுத்துவையுங்கள். மலர் வந்ததும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.