ஜன்னல் சாத்திய லேபில் ரிஸ்க் பார்ப்பது எப்படி?

ஊட்டிப் பக்கம் பள்ளி வேதியியல் லேபில் 30 வருடம் நின்றவன் நான். நீங்கள் கேட்டவற்றில் ஐந்துக்கு இன்று பதில்.

கோத்தகிரி ஆசிரியை: சார், ஹசார்டுக்கும் ரிஸ்குக்கும் வித்தியாசத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். புரியவைப்பது எப்படி?

டீச்சர், தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் காட்டுமாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். மாடு ஹசார்ட், அதாவது தீங்கு செய்யக்கூடிய பொருள்; எங்கே நின்றாலும் அதன் கொம்பு அதே கொம்புதான். ரிஸ்க் என்பது அந்தத் தீங்கு நமக்கு நேரும் வாய்ப்பு; அது நாம் எவ்வளவு கிட்டே போகிறோம், மூடுபனியா, கூடக் கன்று நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. இதெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு அடர் கந்தக அமில பாட்டிலைக் காட்டுங்கள். அலமாரியில் மூடியோடு இருக்கும்போதும், ஒருவன் அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி ஊற்றும்போதும் என்ன மாறியது என்று அவர்களே சொல்லட்டும்.

குன்னூர் லேப் அசிஸ்டென்ட்: அண்ணா, சோதனைக்கு முன் ஆபத்துகளை யோசித்து எழுதும் ரிஸ்க் அசெஸ்மென்ட் படிவம் இருக்கிறதே, கோவைப் பள்ளி ஒன்றினுடையதையே நாங்களும் வைத்திருக்கிறோம். போதுமா?

போதாது தம்பி. அது வேறு அறைக்கு எழுதியது. நம் ஊர்க் குளிர் அதில் இருக்காது. கிளேசியல் அசிட்டிக் அமிலம், அதாவது தண்ணீர் கலக்காத அசிட்டிக் அமிலம், 16.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். ஒரு டிசம்பர் காலையில் உறைந்த பாட்டிலை ஒருவர் நேராக ஹாட் பிளேட்டில் வைத்துவிட்டார். நல்லவேளை, நான் பார்த்து எடுத்தேன். உருகும்போது அமிலம் விரியும். அடி மட்டும் சூடானால் பாட்டில் விரிசல் விடலாம், ஆவியும் தீப்பற்றும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, மூடியைச் சற்றுத் தளர்த்தி, பொறுமையாக உருக்க வேண்டும்.

அதைவிட எனக்குக் கவலை ஜன்னல்தான். குளிர் என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டு உப்புப் பகுப்பாய்வு (உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை) செய்கிறோம். நைட்ரேட் உப்போடு அடர் கந்தக அமிலமும் தாமிரத் துருவலும் சேர்த்துச் சூடாக்கினால் செம்பழுப்புப் புகை வருமே, அது நைட்ரஜன் டை ஆக்சைடு. அன்று லேசான இருமலோடு போகும். மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்தும் வரலாம். பிள்ளை அப்போது வீட்டில் இருப்பான், யாருக்கும் லேப் ஞாபகம் வராது. உங்கள் படிவத்தின் முதல் வரியில் 'ஜன்னல் திறந்திருக்கிறதா' என்று எழுதுங்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளட்டும், பரவாயில்லை.

கொடைக்கானல் ஆசிரியர்: பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் என்ன செய்வது?

துடைப்பத்தால் பெருக்காதீர்கள், துளிகள் சிதறிப் பரவும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஹீட்டரை அணைத்து, ஜன்னலைத் திறங்கள். அட்டையால் ஒன்றுசேர்த்து, டிராப்பரில் எடுத்து, இறுக மூடும் பாட்டிலில் போடுங்கள். பாதரச மாசுப் பிரச்சினையால் 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் கதையை உங்கள் ஊருக்கு நான் சொல்லவா வேண்டும்! இருக்கும் பாதரசத் தெர்மாமீட்டர்களை ஒதுக்கிவிட்டு ஆல்கஹால் தெர்மாமீட்டருக்கு மாறுங்கள்.

கூடலூர் மாணவி: கையுறை, கண்ணாடி போட்டால் ரிஸ்க் போய்விடுமா சார்?

இல்லைம்மா, அது கடைசி அரண். முதலில் அந்தப் பொருள் இல்லாமலே செய்ய முடியுமா, குறைவான தீங்குள்ளது கிடைக்குமா, 10 மில்லிக்குப் பதில் 1 மில்லி போதுமா என்று கேள். ஆனால் கண்ணாடியைக் கழற்றாதே.

உதகை ஆசிரியர்: ரிஸ்குக்கு மதிப்பெண் போடும்போது ஒரே சோதனைக்கு ஒருவன் 4 போடுகிறான், இன்னொருவன் 12. எது சரி?

அடிபட்டால் எவ்வளவு கடுமை, நடக்க எவ்வளவு வாய்ப்பு என்ற இரண்டையும் பெருக்கித்தானே போடுகிறார்கள்? எந்த எண்ணில் பிரிந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் வாய்ப்பில்தான் இருக்கும். ஒருவன் ஜன்னலோரம், இன்னொருவன் மூலையில். இருவரையும் இடம் மாற்றி நிறுத்தி, மறுபடி போடச் சொல்லுங்கள்.