கடை கேமராவும் கண்ட்ரோல் ரூமும்

அன்புள்ள ஐயா,

கொங்குப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் காவல்துறைக் கண்காணிப்பு பற்றிக் கவலைப்பட்டு நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடு இல்லை. சென்ற வருடம் என் அத்தையின் செயினை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். போலீஸ் என் கடைக் கேமராவில் ஆரம்பித்து, மருந்துக் கடை, பெட்ரோல் பங்க் என்று பதினோரு கேமராக்களில் அந்த பைக்கைத் தொடர்ந்து பார்த்து ஐந்தாம் நாள் பிடித்தார்கள். கேமரா இல்லையென்றால் செயின் போனது போனதுதான்.

இப்போது எங்கள் கடைத்தெருவில் உள்ள கேமராக்களை எல்லாம் இணையம் வழியாகப் போலீஸ் கண்ட்ரோல் ரூமோடு நேரடியாக இணைக்க வேண்டும் என்று பேச்சு வந்திருக்கிறது. சங்கத்தில் பலரும் சரி என்கிறார்கள். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? இணைக்கலாமா, கூடாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

எஸ். ஆர்.

*

அன்புள்ள எஸ். ஆர்.,

நேரடி இணைப்பு கொடுக்காதீர்கள். ஒரு வழக்குக்காக ஃபுட்டேஜ் கேட்டு வந்தால் கொடுங்கள், கூடவே உட்கார்ந்து தேடியும் கொடுங்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். சில வருடங்கள் முன்புவரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அத்தையின் செயின் கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. கழுத்தில் கை வைத்து இழுத்த அந்த அதிர்ச்சி போக எத்தனை மாதம் ஆகும் என்று எங்கள் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது கிடைத்த விதத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதலில் குற்றம் நடந்தது, பிறகு புகார். அதற்குப் பிறகுதான் ஒருவர் உங்கள் கடைக்கு வந்து, இன்ன தேதி, இன்ன நேரம் என்று கேட்டார். அவர் எதைத் தேடுகிறார் என்று பதினோரு கடைக்காரர்களுக்கும் தெரியும். தேடியது ஒரு பைக்கை. பைக் கிடைத்ததும் தேடல் முடிந்துவிட்டது.

மையப்படுத்திய கண்ட்ரோல் ரூமில் இந்த வரிசை தலைகீழாகிறது. எல்லோருடைய நடமாட்டமும் முதலில் சேர்ந்துவிடும். யாரைத் தேடுவது என்பது பிறகு முடிவாகும். நியூயார்க் காவல்துறை 2005-ல் இப்படி ஒரு நிகழ்நேரக் குற்ற மையத்தைத் தொடங்கியது. சம்பவ இடத்துக்குப் போகும் அதிகாரிக்குப் பழைய வழக்குகளையும் கைது விவரங்களையும் உடனே எடுத்துத் தருவது அதன் வேலை. 2012-ல் மைக்ரோசாஃப்ட்டோடு சேர்ந்து உருவாக்கிய பெரிய அமைப்பை அறிவித்தார்கள். தெருக் கேமராக்கள், நம்பர் பிளேட் படிக்கும் கருவிகள், 911 அவசர அழைப்புகள், கைதுப் பதிவுகள் எல்லாம் ஒரே திரையில் வந்து சேர்ந்தன. ஒரு காரின் எண்ணைத் தட்டினால் அது முன்பு எங்கெல்லாம் தென்பட்டது என்று காட்டிவிடும். இந்த மென்பொருளை வேறு ஊர்களுக்கு விற்றால் வருமானத்தில் 30 சதவீதம் நியூயார்க் நகரத்துக்கு என்று ஒப்பந்தம் வேறு.

உங்கள் கடைத்தெருவில் பேசப்படுவது டெட்ராய்ட் நகரத்தில் 2016 ஜனவரியிலேயே நடந்தது. எட்டு பெட்ரோல் பங்க்குகளில் ஆரம்பித்தார்கள். கேமரா செலவு கடைக்காரருடையது. படம் நேராகப் போலீஸ் மையத்துக்குப் போகும். கடை வாசலில் ஒரு பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். சில வருடங்களில் இது நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் பரவியது. 2017-ல் அதே காவல்துறை முகம் பார்த்து ஆளைத் தேடும் மென்பொருளையும் வாங்கியது.

நீங்கள் கேட்ட 'தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்' என்ற கேள்விக்கு அந்த ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பின மனிதருக்கு நடந்தது நீதிமன்ற ஆவணங்களிலேயே பதிவாகியிருக்கிறது. அவரே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு வந்து சாட்சி சொல்லியிருக்கிறார்.

2018 அக்டோபரில் டெட்ராய்ட்டின் ஒரு கடையில் ஐந்து கைக்கடிகாரங்கள் திருடு போயின. மதிப்பு 3,800 டாலர். தொப்பி போட்ட ஒருவர், வெளிச்சம் குறைவு, தெளிவில்லாத படம். அதை மாநிலக் காவல்துறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஓட்டுநர் உரிமப் படங்களும் குற்றவாளிப் படங்களுமாகக் கோடிக்கணக்கில் உண்டு. கணினி 'இவர்களாக இருக்கலாம்' என்று ஒரு பட்டியல் தந்தது. அதில் வில்லியம்ஸின் படம் ஒன்பதாவது இடத்தில் இருந்தது. அதுவும் காலாவதியான பழைய உரிமத்தில் இருந்த படம். அவருடைய புதிய உரிமப் படமும் அதே தொகுப்பில்தான் இருந்தது, கணினி அதை எடுத்துத் தரவே இல்லை.

சரி, இதுவரை நடந்ததில் பெரிய தவறு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இது ஒரு துப்பு மட்டுமே, கைது செய்யக் காரணம் ஆகாது என்று அந்த அறிக்கையிலேயே பெரிய எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. அடுத்து என்ன செய்தார்கள்? அவர் படத்தை வேறு ஐந்து பேர் படங்களோடு வைத்து ஒருவரிடம் காட்டினார்கள். அவர் கடையின் பாதுகாப்பைக் கவனிக்கும் நிறுவனத்தில் வேலை செய்தவர். திருட்டு நடந்தபோது கடையில் இருந்தவர் அல்ல. நீங்களும் நானும் பார்ப்பதுபோல் வீடியோவைப் பார்த்தவர். வீடியோவில் இருப்பவரைப் போலிருக்கிறார் என்று கணினி எடுத்துக் கொடுத்த முகத்தை, அதே வீடியோவைப் பார்த்த இன்னொருவர் 'ஆமாம், இவர்தான்' என்றார். இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்! திருட்டு நடந்த நேரத்தில் வில்லியம்ஸ் எங்கே இருந்தார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

2020 ஜனவரியில் அவர் வேலை முடிந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, மனைவியும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க, விலங்கு மாட்டினார்கள். சுமார் முப்பது மணி நேரம் காவலில் இருந்தார். விசாரணையில் கேமராப் படத்தைக் காட்டியபோது, அவர் அதை எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இது நான் இல்லை என்று காட்டினார். அவ்வளவு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. பதினைந்து மாதங்களாக ஒருவரும் அதைச் செய்திருக்கவில்லை.

இதில் கெட்ட எண்ணத்தோடு யாரும் வேலை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கணினி 'இருக்கலாம்' என்றது. அது கணினி அறையை விட்டு வெளியே வந்து, ஒவ்வொரு மேசையாகக் கைமாறி, வில்லியம்ஸின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும்போது அந்தச் சந்தேகம் முழுக்க உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. வேலைப் பளு உள்ள எந்த ஸ்டேஷனிலும் இது நடக்கும். திரையில் ஒரு பெயர் வந்த பிறகு, அது தவறாக இருக்குமோ என்று தேடிப்போகிறவர் குறைவு.

அந்த ஊர்க் காவல்துறைத் தலைவரே 2020-ல் ஒரு பொதுக்கூட்டத்தில், மென்பொருளை மட்டும் நம்பினால் 95 முதல் 97 சதவீத வழக்குகளில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகும் 2023-ல் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரைக் கார் பறித்த வழக்கில் இதே முறையில் கைது செய்தார்கள். பின்னர் வழக்கைக் கைவிட்டார்கள். 2024 ஜூனில் வில்லியம்ஸின் வழக்கு சமரசமானபோதுதான் முகத் தேடல் முடிவை மட்டும் வைத்துக் கைது கூடாது, அந்த முடிவில் வந்த முகத்தை நேராக மற்றவர் படங்களோடு வைத்துச் சாட்சியிடம் காட்டவும் கூடாது என்று விதி வந்தது. 2017 முதலான வழக்குகளைத் திரும்பப் பார்க்கவும் ஒப்புக்கொண்டார்கள்.

முகம் விஷயத்தில் கணினி குழம்பலாம், நம்பர் பிளேட்டில் என்ன குழப்பம் என்று கேட்பீர்கள். உங்கள் அத்தை வழக்கிலும் தேடியது ஒரு வண்டியைத்தான். 2020 ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில் ஒரு தாய் வீட்டுக் குழந்தைகளோடு காரில் போயிருந்தார். நம்பர் பிளேட் படிக்கும் அமைப்பு அது திருட்டு வண்டி என்றது. போலீஸ் துப்பாக்கியை நீட்டி, ஆறு வயதுக் குழந்தை உட்பட எல்லோரையும் வெயிலில் கொதித்த தரையில் குப்புறப் படுக்க வைத்தது. சிலருக்கு விலங்கு. அமைப்பு எண்ணைச் சரியாகத்தான் படித்திருந்தது. ஆனால் அந்த எண்ணில் திருடு போனது மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு மோட்டார் சைக்கிள். எதிரில் நிற்பது நான்கு சக்கர வண்டி, பிளேட்டில் வேறு மாநிலம். கண்ணால் ஒருமுறை பார்த்திருந்தால் போதும். 2024-ல் நகராட்சி அந்தக் குடும்பத்துக்கு 19 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

நம் ஊருக்கு வருகிறேன். டெல்லி காவல்துறை முகத் தேடல் மென்பொருளை வாங்கியது காணாமல்போன குழந்தைகளைக் கண்டுபிடிக்க. உயர்நீதிமன்ற வழக்கு ஒன்றை ஒட்டி அது வந்தது. அதை யார் எதிர்ப்பார்கள்? ஆனால் துல்லியம் 2 சதவீதம்தான் என்று 2018-ல் காவல்துறையே நீதிமன்றத்தில் சொன்னது. 2020 பிப்ரவரிக் கலவரத்துக்குப் பிறகு முகத் தேடல் வேறு வேலைக்குப் போனது. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமப் படங்களைக் கொண்டு 1,100 பேரை அடையாளம் கண்டதாக உள்துறை அமைச்சர் மக்களவையில் சொன்னார். வாக்காளர் அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டபோது, இதற்காகவும்தான் என்று யாரும் நம்மிடம் சொல்லவில்லை. 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் சரியான பொருத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்று 2022-ல் டெல்லி காவல்துறை தகவல் உரிமைச் சட்டப்படி பதில் தந்தது. அதற்குக் கீழே வந்தாலும், மற்ற ஆதாரங்களோடு சேர்த்து விசாரிக்க இடம் உண்டாம். அப்படியானால் அந்த எல்லைக் கோடு எதற்கு?

தமிழ்நாட்டுக் காவல்துறையிடமும் முகத் தேடல் மென்பொருள் இருக்கிறது. அதன் இணையதளத்துக்குள் வெளியாள் நுழைந்துவிட்டதாக 2024 மே மாதம் செய்தி வந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தால், ஒரு கடவுச்சொல் போனாலே எல்லாம் போகும். உங்கள் கடையின் ஹார்ட் டிஸ்க்கை யாராவது திருடினால் அவருக்கு உங்கள் கடை வாசல் மட்டுமே கிடைக்கும்.

என் அக்கா மகன் ராத்திரியில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். ஒருநாள் நள்ளிரவு தாண்டி வண்டியை நிறுத்தினார்கள். ஆர்டர் விவரம், உரிமம் எல்லாம் காட்டியிருக்கிறான். அப்புறம் போனை உயர்த்தி அவன் முகத்தைப் படம் எடுத்துவிட்டு, 'சரி, போ' என்றார்களாம். மறுநாள் என்னிடம் கேட்டான்: "மாமா, அந்தப் படத்தை அழிச்சிருப்பாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. ஹைதராபாத்தில் 2021 ஊரடங்கின்போது இதேபோல் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுக்கப்பட்ட சமூகச் செயல்பாட்டாளர் ஒருவர் உயர்நீதிமன்றம் வரை போனார். என் அக்கா மகனுக்கு அவ்வளவு தூரம் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவன் பயப்படுகிறான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். அதில் அரசு கை வைப்பதானால் சட்டம் வேண்டும், தேவை வேண்டும், அளவும் வேண்டும் என்றார்கள். முகத் தேடலுக்கென்று தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குற்ற விசாரணைக்குப் பெரிய விலக்குத் தந்துவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? விசாரணைக்கு வேண்டிய பதிவைக் கேட்டு வாங்கப் போலீஸுக்கு ஏற்கெனவே அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 94. எழுத்தில் வாங்குங்கள்: எந்த வழக்கு, எந்தத் தேதி, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை. அந்த அளவு மட்டும் நகல் எடுத்துக் கொடுங்கள். உங்கள் பதிவு நீதிமன்றத்தில் நிற்க புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி சான்று வேண்டும், அதையும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அத்தை வழக்கிலும் இப்படி ஒரு சான்று கொடுத்திருப்பீர்கள். ஒரு பாத்திரக் கடைக்காரர் தன் கேமராவுக்கு இவ்வளவு கணக்குக் காட்ட வேண்டியிருக்கும்போது, கண்ட்ரோல் ரூமும் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? யார், எப்போது, எந்த வழக்குக்காகத் தேடினார் என்ற பதிவு. எத்தனை நாளில் அழிப்பார்கள் என்ற உறுதி. கணினி தந்த பட்டியல் முழுவதும், ஒன்பதாவது இடம் என்ற விவரத்தோடு, குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் கைக்கும் நீதிபதி மேசைக்கும் போக வேண்டும்.

இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும்வரை இணைக்க மாட்டோம் என்று சங்கத்தின் பெயரிலேயே கடிதம் கொடுங்கள். தனி ஒருவராக மறுத்தால் உங்கள் கடை மட்டும் கண்ணில் படும், அது எனக்கும் புரிகிறது. வரைவு எழுதினால் எனக்கு அனுப்புங்கள், சட்டப் பிரிவுகளைச் சரிபார்க்க ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் காட்டித் தருகிறேன். அத்தையை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.