மறு: மைனஸ் 30 பாகையில் கிளம்பாத டீசல் லாரி

வணக்கம் ஐயா. சிங்கப்பூரில் லாரி ஓட்டிவிட்டு இப்போது கனடாவின் ஆல்பர்ட்டாவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள், மைனஸ் 30 பாகையில் செல்ப் (எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை, புகைபோக்கியில் புகையும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புகையே வராதது முக்கியமான தடயம். பெரும்பாலும் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை என்று பொருள். நம் ஊர் வெயிலில் ஒருபோதும் பார்க்காத கோளாறு இது: கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். உறைந்த நெய்போல் வெண்மையாகப் படிந்திருந்தால், புதியதை மாற்றுவது மட்டும் போதாது, தொட்டியில் இருப்பதும் இளக வேண்டும் என்பதால், லாரியைச் சூடான கொட்டகைக்கு இழுத்துச் சென்று, பிறகு ஆல்பர்ட்டாவில் விற்கும், குளிரில் எளிதில் உறையாத குளிர்கால டீசலையே நிரப்புங்கள்.

வெண்புகை வந்தால், டீசல் போகிறது, எரியும் அளவுக்குச் சூடில்லை என்று கொள்ளுங்கள். எஞ்சினைச் சூடேற்றும் மின்கருவியான பிளாக் ஹீட்டரை, கிளப்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே மின்சாரத்தில் இணைத்துவிடுங்கள். குளிரில் பேட்டரியின் திறனும் வெகுவாகக் குறைவதால், செல்பைப் பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், இரண்டு நிமிடமாவது ஆற விடுங்கள். க்ளோ பிளக் (சிலிண்டரைச் சூடாக்கும் மின்பிளக்) உள்ள எஞ்சினாக இருந்தால், யார் சொன்னாலும் எஞ்சினைக் கிளப்ப ஈதர் என்ற எளிதில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிக்காதீர்கள். அது நேரம் தப்பி வெடித்து பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும்.