அம்மாவின் மாத்திரையும் மாமாவின் லேகியமும்

அன்புள்ள ஐயாவுக்கு,

அம்மா பத்து ஆண்டுகளாக இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறார். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்மசியில் கேட்டேன். "இன்னும் முழுமையாகத் தெரியாது" என்றார் அங்கிருந்த பெண். தெரியாத மருந்துக்கு எப்படி அனுமதி கொடுத்தார்கள்? மூட்டுவலிக்கு மாமா பிரிக்பீல்ட்ஸில் வாங்கித் தரும் லேகியத்தை மட்டும் டாக்டர் "எப்படி வேலை செய்கிறதென்றே தெரியாது" என்று ஒதுக்குகிறார். இது நியாயமா?
க., செந்தூல்

அன்புள்ள க.,

அந்தப் பெண் உண்மையைச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மெட்ஃபோர்மின் சாப்பிட்டால் கல்லீரல் வெளியே விடும் சர்க்கரை குறைகிறது. எதைத் தொட்டுக் குறைக்கிறது என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு.

அனுமதி கொடுப்பவர்களின் கேள்வி வேறு. சாப்பிட்டவர்களுக்குக் குணம் தெரிகிறதா, கெடுதல் எவ்வளவு, எல்லா மாத்திரையிலும் மருந்து ஒரே அளவில் இருக்கிறதா? பிரான்சில் 1957இல் நோயாளிகளுக்குத் தரப்பட்ட இம்மருந்துக்கு அமெரிக்கா 1994இல்தான் அனுமதி தந்தது. இதன் பங்காளியான ஃபென்ஃபோர்மின் இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி உயிர்களைக் குடித்ததால் 1970களில் பல நாடுகளில் விலக்கப்பட்டிருந்தது. அந்தப் பயம் லேசில் போகவில்லை.

வழி தெரிந்தால் மட்டும் போதுமா? மாரடைப்புக்குப் பின் தாறுமாறாக வரும் இதயத் துடிப்பு திடீர் மரணத்தின் அறிகுறி. அதை அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று டாக்டர்கள் உறுதியாக நம்பினார்கள். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற இரண்டு மருந்துகளும் அந்தத் துடிப்பை அடக்கவே செய்தன. 1989இல் வெளியான ஆய்வில், அவற்றைச் சாப்பிட்டவர்களே மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். அத்தனை விளக்கமும் கையில் இருந்தும்!

ஆகவே உங்கள் டாக்டர் சொன்ன காரணம் செல்லாது. மெட்ஃபோர்மினின் பூர்வீகமே ஐரோப்பாவின் ஒரு மூலிகைதான். ஆனால் லேகியப் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'MAL' என்று தொடங்கும் மலேசியப் பதிவு எண் 'T' என்ற எழுத்தில் முடிந்தால் அது பாரம்பரிய மருந்து. பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துப் பதிந்திருப்பார்கள். மாத்திரைக்குக் கேட்பதுபோலக் குணத்துக்கு மருத்துவச் சோதனை கேட்டிருக்க மாட்டார்கள். எண்ணே இல்லையென்றால் பாதுகாப்பையும் தரத்தையும்கூட யாரும் பார்க்கவில்லை.

மூட்டுவலி மருந்து என்பதால்தான் எனக்குக் கவலை. இந்த நாட்டில் பதிவில்லாத இத்தகைய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கள்ளத்தனமாகக் கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. வலி பறந்துவிடும், சர்க்கரை ஏறும். அம்மாவுக்கு லேகியம் தொடங்கிய பிறகு சர்க்கரை ஏறியதா என்று கிளினிக் அட்டையைப் பாருங்கள். பல மாதங்களாகச் சாப்பிடுகிறார் என்றால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், ஸ்டீராய்டு இருந்தால் அதுவும் ஆபத்து. புட்டியோடு டாக்டரிடம் போங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.