விழுந்த கிளிமூக்கு மாங்காயில் இனிப்புச் சட்னி: ஏன் பொங்கியது, ஏன் கறுத்தது?

கேள்வி: ஐயா, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் கிளிமூக்கு மாந்தோப்பு இருக்கிறது. காற்றில் விழும் காய்க்கு மண்டியில் விலையே கிடைக்காததால், போன வருடம் வீட்டிலேயே இனிப்பு மாங்காய்ச் சட்னி போட்டேன். 1 கிலோ துருவலுக்கு 600 கிராம் வெல்லம், மிளகாய்த்தூள், பட்டை, கிராம்பு, உப்பு எல்லாம் ஒன்றாகப் போட்டு இரும்புச் சட்டியில் கிளறினேன். ஒன்றரை கிலோ வந்தது. ஒரு மாதத்துக்குள் பாதி பாட்டில் பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. மீதியும் கறுத்துப் போய், துருவல் நார் மாதிரி இருந்தது. எங்கே தப்பு?

பதில்: அம்மா, அளவும் எடையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்வது சுலபம். பொங்கியதற்குக் காரணம் அந்த ஒன்றரை கிலோவிலேயே இருக்கிறது.

வெல்லத்தில் ஈரம் போக 540 கிராம், 1 கிலோ மாங்காயில் தண்ணீர் போக 120 கிராம் சொச்சம், உப்பும் மசாலாவும் ஒரு 50 கிராம். ஆக 700 கிராம்தான் சரக்கு, மிச்சம் 800 கிராம் தண்ணீர். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தால் ஈஸ்ட் சும்மா இருக்காது, இனிப்பைத் தின்று காற்றை விடும், மூடி எழும்பும். பழச் சட்னியில் கரைந்த திடப்பொருள், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் இனிப்பு, உப்பு மாதிரியானவை, குறைந்தது 50 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுத் தர விதி. வீட்டில் செய்து அலமாரியில் வைக்க நான் 65க்குக் குறையாமல் வைக்கச் சொல்வேன். அப்புறம் கிளிமூக்கில் புளிப்பு கம்மி, உப்பு மிளகாய் தொட்டுப் பச்சையாகவே தின்கிற காய் அல்லவா, அதனால் காயின் புளிப்பை மட்டும் நம்ப முடியாது, வினிகர் சேர்த்தே ஆக வேண்டும். பொங்கிய பாட்டில் இன்னும் மிச்சம் இருந்தால் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

கறுத்ததற்கு இரும்புச் சட்டி முதல் காரணம். மாங்காய்ப் புளிப்பு இரும்பைக் கரைக்கும், காயிலும் கிராம்பிலும் உள்ள துவர்ப்பு அந்த இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். கிராம்பின் மொட்டுத் தலையைக் கிள்ளிவிட்டுத்தான் சட்னிக்குப் போட வேண்டும். அலுமினியமும் வேண்டாம், அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். வெல்லம் போட்டால் நிறம் எப்படியும் பழுப்பாகத்தான் வரும், அது கெட்டுப்போனதல்ல. பொன் நிறம் வேண்டுமென்றால் சர்க்கரை.

துருவல் நாரானது இனிப்பை முதலிலேயே கொட்டியதால். வேகாத காயில் இனிப்பு பட்டால் அது காயின் நீரை வெளியே இழுத்துவிடும், துண்டு சுருங்கித் தோல் மாதிரி ஆகிவிடும், அதற்கு மேல் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் மெத்தென்று ஆகாது. காயை முதலில் தனியாக வேக வையுங்கள்.

இந்த வருடம் இப்படிச் செய்யுங்கள். காற்றடித்த அன்றைக்கே காயைப் பொறுக்கிவிட வேண்டும், ஓர் இரவு தரையில் கிடந்தாலே அடிபட்ட இடம் புளிக்கத் தொடங்கும். கடைசியாக மருந்து அடித்த தேதியைப் பார்த்து, டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியாத காயைத் தொடவே கூடாது. பழ ஈ குத்தியது, காம்படி கறுத்தது எல்லாம் கழித்துவிடுங்கள். லேசாக அடிபட்டதை அந்த இடத்தை ஆழமாக வெட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். கொட்டை முற்றி, தோல் இன்னும் பச்சையாக இருக்கிற காய்தான் இதற்குச் சரி. பிஞ்சை அரிந்து உப்புப் போட்டு வற்றலாக்குங்கள். காம்பைக் கிள்ளிப் பால் வடியவிட்டு, கழுவி, தோல் சீவித் துருவுங்கள்.

1 கிலோ துருவலுக்கு 1 கிலோ சர்க்கரை, 45 கிராம் உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம் 50 கிராம், இஞ்சியும் பூண்டும் 15 கிராம் வீதம், மிளகாய்த்தூள் 10 கிராம், மிளகு, சீரகம், பட்டை, ஏலக்காய் தலா 10 கிராம், கிராம்பு 5 எண்ணம், வினிகர் 170 மில்லி. ஏலக்காய் வாசம் தூக்கலாக இருந்தால் 5 கிராமாக்கிக்கொள்ளலாம், ஆனால் சர்க்கரையிலும் வினிகரிலும் கை வைக்க வேண்டாம். இனிப்பைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்தச் சட்னியை ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

துருவலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, விரலால் நசுக்கினால் மசியும் வரை வேக வைத்து இறக்குங்கள். சர்க்கரையும் உப்பும் கலந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். வெங்காயம், இஞ்சி, பூண்டு, ஒன்றிரண்டாகத் தட்டிய மசாலா எல்லாவற்றையும் மெல்லிய வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து உள்ளே போட்டு, சிறுதீயில் கிளறுங்கள். மிளகாய்த்தூள் மட்டும் நேராகச் சட்னியில். இடையிடையே முடிச்சைக் கரண்டியால் அமுக்கிச் சாறு இறக்குங்கள், கடைசியில் பிழிந்து எடுத்துவிடலாம். கெட்டியாகி வரும்போது வினிகர் ஊற்றி இன்னும் ஐந்து நிமிடம். முன்னாலேயே ஊற்றினால் அதன் புளிப்பு ஆவியோடு போய்விடும்.

பதத்தைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். காலிப் பாத்திரத்தை முதலிலேயே எடை போட்டு எழுதி வைத்துக்கொண்டு, சட்னி 1.75 கிலோவுக்கு வந்ததும் நிறுத்துங்கள், இந்த அளவுக்கு அதுதான் கணக்கு. கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் பாத்திரம் தெரிந்து, கோடு மெதுவாக மூட வேண்டும். ஆறிய தட்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், சுற்றிலும் தண்ணீர் வளையம் கசிந்தால் இன்னும் வேக வேண்டும். விற்கிற எண்ணம் இருந்தால் கரைந்த திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று காட்டும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுக்க வேண்டும்.

பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுத்து, துணியால் துடைக்காமல் சூட்டிலேயே உலரவிட்டு, சட்னி சூடாக இருக்கும்போதே நிரப்பி மூடுங்கள். உங்கள் பாட்டிலில் பாதி மட்டும் பொங்கியதற்கு அந்தப் பாதியில் ஈரம் இருந்ததும் காரணமாக இருக்கலாம்.

குஜராத்தில் மாங்காயைத் துருவிச் சர்க்கரை கலந்து, வாய்க்குத் துணி கட்டி நாள்கணக்கில் வெயிலில் வைத்தே பாகாக்குவார்கள், சுந்தா என்று பெயர். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கோடை மழை எப்போது இறங்கும் என்று தெரியாத நம் பக்கத்தில் அடுப்புதான் நல்லது. முதலில் 1 கிலோ மட்டும் போடுங்கள். மசாலா ஊறி ருசி சேர மூன்று வாரம் ஆகும், அதற்கு முன் திறந்தால் வினிகர்தான் தூக்கலாகத் தெரியும். மூன்றாவது வாரம் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.